4790கே செட்டா, 5820கே செட்டா? பழைய கம்ப்யூட்டரில் எதை எடுப்பது?

ஆல்பம்வேலை:

வணக்கம் நண்பர்களே. கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணுவதுதான் தொழில். நாள் முழுக்க போட்டோஷாப், லைட்ரூம். முகூர்த்த மாதம் வந்துவிட்டால் வீடியோ எடிட்டிங்கும் சேர்ந்துகொள்ளும், அதற்கு பிரீமியர் புரோ. கையில் இருக்கும் பழைய ஐ5 இனி தாங்காது. புதுசு வாங்க இந்த சீசனில் பணம் புரளவில்லை, அதனால் செகண்ட் ஹேண்டில் இரண்டு கம்ப்யூட்டர் செட் பார்த்து வைத்திருக்கிறேன்.

ஒன்று நான்கு கோர் (சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதி) உள்ள இன்டெல் ஐ7-4790கே, இசட்97 போர்டு, டிடிஆர்3 ராம் 16 ஜிபி. இன்னொன்று ஆறு கோர் ஐ7-5820கே, எக்ஸ்99 போர்டு, டிடிஆர்4 ராம் 32 ஜிபி (8 ஜிபி குச்சி நான்கு). இரண்டாவதற்கு மூவாயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள். இரண்டிலும் கிராபிக்ஸ் கார்டு கிடையாது, என்னிடம் இருக்கும் ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கார்டைத்தான் போடப்போகிறேன். கேமராவில் எடுப்பது எல்லாம் 8 பிட் எச்.264 வீடியோ, பெரும்பாலும் 1080, சில சமயம் 4கே. நான்கு கோர் வேகமானதா, ஆறு கோர் மெதுவானதா, எதை எடுத்தால் இன்னும் இரண்டு மூன்று சீசன் ஓட்டலாம்?

கோர்கணக்கு:

இரண்டும் 2014-இல் வந்தவை, இரண்டுக்குள்ளும் இருப்பது அதே 22 நானோமீட்டர் ஹாஸ்வெல் (இன்டெல் நான்காம் தலைமுறை) கோர்தான். அதனால் இந்த ஒப்பீடு மற்றவை மாதிரி சிக்கலானது இல்லை, ஒரே கிளாக்கில் (கிகாஹெர்ட்ஸ் வேகத்தில்) ஓட்டினால் ஒரு கோரின் வேகம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மிச்சம் இருப்பது வெறும் பெருக்கல் கணக்கு.

4790கே ஒரு கோர் வேலையில் 4.4 கிகாஹெர்ட்ஸ் போகும், நான்கு கோருக்கும் வேலை கொடுத்தால் 4.2. 5820கே ஒன்றிரண்டு கோர் வேலையில் 3.6, ஆறும் ஓடும்போது 3.4. இப்போது பாருங்கள், ஒரு கோர் வேலையில் 4790கே சுமார் 22 சதவீதம் முந்துகிறது. எல்லா கோரும் ஓடும் வேலையில் நான்கு தடவை 4.2 என்றால் 16.8, ஆறு தடவை 3.4 என்றால் 20.4, அதாவது 5820கே சுமார் 21 சதவீதம் முந்துகிறது. இவ்வளவு சரிசமமாக இரண்டு சிப் எதிரெதிரே நிற்பது அபூர்வம், அதனால்தான் 2014-இலேயே இதே கேள்வியை எல்லோரும் கேட்டார்கள்.

போட்டோஷாப்பில் பிரஷ் ஓட்டுவது, லேயர் நகர்த்துவது, மாஸ்க் போடுவது எல்லாம் பெரும்பாலும் ஓரிரு கோரை நம்பித்தான் நடக்கும். லைட்ரூமில் ஐந்நூறு படத்தை ஒன்றாக எக்ஸ்போர்ட் போடுவது, பிரீமியரில் ரெண்டர் போடுவது எல்லா கோரையும் இழுக்கும். நாளில் முக்கால்வாசி நேரம் நீங்கள் மவுஸ் பிடித்து உட்கார்ந்திருப்பவர், எக்ஸ்போர்ட்டை ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். கை வைத்த இடத்தில் உடனே நகர வேண்டும் என்றால் 4790கே எடுங்கள். மின்சாரமும் குறைவு, 88 வாட் சிப், 5820கே 140 வாட். இன்னொரு விஷயம், 4790கே-யில் எச்டி 4600 கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. சீசன் நடுவில் உங்கள் 1060 மண்டையைப் போட்டாலும் மானிட்டரை போர்டில் சொருகி வேலையைத் தொடரலாம், 5820கே-யில் கார்டு போனால் திரை கறுப்புதான்.

பழையபோர்டு:

கோர்கணக்கு அண்ணன் போட்ட கணக்கு சரி. ஆனால் அது கம்பெனி வைத்த வேகத்துக்கான கணக்கு, இரண்டுமே பெருக்கி திறந்துவிடப்பட்ட, அதாவது வேகத்தை நாமே ஏற்றிக்கொள்ளக்கூடிய (ஓவர்கிளாக்) சிப்கள் என்பதை விட்டுவிட்டார். 5820கே-யை 3.3 அடிப்படை வேகத்தில் வைத்தது 140 வாட்டுக்குள் அடக்குவதற்காக, சிப்புக்கு சக்தி இல்லாமல் இல்லை. நல்ல டவர் கூலர் போட்டால் பெரும்பாலானவை 4.2 அலுங்காமல் போகும். 4790கே-யை ஏற்கெனவே விளிம்பு வரை தள்ளித்தான் விற்றார்கள், 4.6 வரை போனால் பெரிது. அப்போது ஒரு கோரில் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் வந்துவிடும், எல்லா கோரிலும் 25.2-க்கு 18.4, அதாவது 5820கே 37 சதவீதம் மேலே. கணக்கே திரும்பிவிடுகிறது.

சூட்டிலும் ஒரு வித்தியாசம் உண்டு. 5820கே-யின் மேல்தகடு சிப்போடு சால்டர் வைத்து ஒட்டப்பட்டது. 4790கே-யில் தகட்டுக்கு அடியில் இருப்பது வெறும் பேஸ்ட், கொஞ்சம் மேம்படுத்திய பேஸ்ட் என்றாலும் பேஸ்ட்தான். அதனால் வாட் குறைவாக இருந்தும் ரெண்டர் போட்டதும் அதன் வெப்பம் குபீரென்று ஏறும், பெரிய கூலர் போட்டும் பெரிதாக இறங்காது.

ஆனால் உங்களுக்கு நான் சொல்லும் முதல் காரணம் இது எதுவும் இல்லை, ராம். 12×36 இஞ்ச் ஆல்பம் ஷீட்டை 300 டிபிஐ-யில் திறந்தால் 10800×3600 பிக்சல். முழுதாக நிரம்பிய ஒரு லேயர் மட்டும் 8 பிட்டில் சுமார் 117 எம்பி. பின்னணி, பூ, மணமக்கள் படம் நாலைந்து, நிழல், டெக்ஸ்சர் என்று அடுக்கி, ஹிஸ்டரியையும் சேர்த்து, பக்கத்தில் லைட்ரூமும் திறந்திருந்தால் 16 ஜிபி எங்கே போனது என்று தெரியாது. ராம் நிறைந்ததும் போட்டோஷாப் ஸ்கிராட்ச் டிஸ்கில் (ராமுக்குப் பதிலாகப் பயன்படுத்தும் டிஸ்க் இடத்தில்) எழுத ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் 4.4 கிகாஹெர்ட்ஸ் இருந்து ஒரு பிரயோஜனமும் இல்லை, பிரஷ் தடுமாறும். 4790கே-யில் கூடிப்போனால் 32 ஜிபி, அதற்கு மேல் அந்த மேடையில் வழியே கிடையாது. 5820கே-யில் 32 இப்போதே இருக்கிறது, 64 வரை போகலாம்.

கோர்கணக்கு:

ராம் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், 16 ஜிபியோடு அந்த வேலை கஷ்டம்தான். ஆனால் டிடிஆர்3 8 ஜிபி குச்சி இரண்டு வாங்கிப் போட அந்த மூவாயிரம் வித்தியாசமே போதுமாக இருக்கும். வீடியோவுக்கு 4790கே-யில் குவிக் சிங்க் (உள் கிராபிக்ஸில் வீடியோவுக்கென இருக்கும் பகுதி) இருக்கிறதே, எச்.264 எக்ஸ்போர்ட்டை அது பார்த்துக்கொள்ளாதா?

டைம்லைன்:

குவிக் சிங்க்கை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். இப்போதைய பிரீமியர் புரோவின் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலே இன்டெல் 6-ஆம் தலைமுறையில்தான் ஆரம்பிக்கிறது. 4790கே நான்காவது தலைமுறை, 5820கே எண்ணைப் பார்த்தால் ஐந்து மாதிரித் தெரியும், உள்ளே அதுவும் ஹாஸ்வெல்தான். இன்ஸ்டால் ஆகி ஓடலாம், பழைய வெர்ஷனிலேயே இருந்தாலும் ஓட்டலாம், ஆனால் 4790கே-யின் உள் கிராபிக்ஸை நம்பி எக்ஸ்போர்ட் திட்டம் போட வேண்டாம். உங்களிடம் 1060 இருக்கிறது. 2020-க்குப் பிறகு வந்த பிரீமியர் என்விடியா கார்டிலேயே எச்.264 டீகோடு (கோப்பைப் பிரித்துக் காட்டுவது), என்கோடு (சுருக்கி எழுதுவது) இரண்டையும் செய்கிறது. அதனால் 8 பிட் எச்.264 வேலைக்கு இரண்டு செட்டும் ஒப்பேற்றும், இதில் எனக்கு 5820கே பிடிக்கும், ஏனென்றால் எஃபெக்ட், வார்ப் ஸ்டெபிலைசர், கலர் எல்லாம் அடுக்கும்போது கூடுதல் கோர் உதவும்.

ஒரே ஒரு கேள்விதான். அடுத்த சீசனில் கேமரா மாற்றும் எண்ணம் இருக்கிறதா? இப்போதைய மிரர்லெஸ் கேமராக்களின் 10 பிட் 4:2:2 (நிற விவரம் கூடுதலாக உள்ள) எச்.265 கோப்பு இந்த இரண்டு சிப்பிலும் நகராது, 1060-ம் 4:2:2-ஐ டீகோடு செய்யாது. பிராக்ஸி (சிறிய நகல் கோப்பு) போட்டுத்தான் வெட்ட வேண்டும். அந்தக் கோப்பை இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து வந்த உள் கிராபிக்ஸ் நேராக டீகோடு செய்கிறது. 2022-இல் வந்த சாதாரண ஐ3-12100, நான்கே கோர், இந்த ஆறு கோர் 5820கே-யை அதன் சொந்த வேகத்தில் எல்லா வகையிலும் முந்திவிடும், உள் கிராபிக்ஸும் இருக்கிறது (எஃப் எழுத்து போட்டதில் இருக்காது, பார்த்து வாங்க வேண்டும்). கேமரா மாற்றுவதாக இருந்தால் இந்த இரண்டு செட்டிலும் பணத்தைப் போடாமல் அதற்குச் சேர்த்து வையுங்கள்.

ஆல்பம்வேலை:

எல்லோருக்கும் நன்றி. கேமராவை இப்போதைக்கு மாற்றப்போவதில்லை. 12×36 ஷீட் கணக்கு என் வேலையை அப்படியே சொல்லிவிட்டது, ஸ்கிராட்ச் டிஸ்க் நிறைந்துவிட்டது என்ற அறிவிப்பை நான் தினமும் பார்க்கிறேன். 5820கே பக்கம்தான் மனசு போகிறது. நேரில் போய்ப் பார்க்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்? விண்டோஸ் 11 போடலாமா? வீட்டில் இருப்பது 600 விஏ யூபிஎஸ்.

பழையபோர்டு:

முதலில் போர்டின் பெயரைப் பாருங்கள். தெரிந்த கம்பெனியின் எக்ஸ்99 போர்டு என்றால் மட்டும் மேலே பேசுங்கள். எக்ஸ்99 என்று அச்சடித்துவிட்டு உள்ளே வேறு சிப்செட் வைத்த பெயர் தெரியாத போர்டுகள் நிறைய புழங்குகின்றன, அவற்றில் ஓவர்கிளாக் செய்ய வழி இருக்கும் என்று நம்ப முடியாது.

அடுத்தது சாக்கெட் (சிப் உட்காரும் இடம்) பின். இந்த சாக்கெட்டில் 2011 பின்னும் போர்டில்தான் இருக்கிறது, இரண்டு பக்கமும் நெம்புகோல் வைத்து அழுத்தும். யாராவது அவசரத்தில் சிப்பைக் கழற்றி மாட்டியிருந்தால் ஓரத்தில் ஒரு பின் மடங்கியிருக்கும், ஆனாலும் செட் ஒழுங்காக ஆன் ஆகும், ஒரு ராம் ஸ்லாட் மட்டும் வேலை செய்யாது. அதனால் விண்டோஸுக்குள் போய் மொத்தம் 32 ஜிபி காட்டுகிறதா என்று பாருங்கள், சிபியு-இசட் மென்பொருளைப் போட்டு மெமரி பக்கத்தில் நான்கு சேனல் (குவாட்) என்று வருகிறதா என்றும் பாருங்கள். 24 என்று வந்தால் குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் குச்சி போட்டாலும் அதே ஸ்லாட் தகராறு செய்தால் பேரமே பேசாமல் கிளம்பிவிடுங்கள். கூலரும் கூடவே தருகிறார்களா என்று கேளுங்கள், சாதாரண இன்டெல் போர்டில் அழுத்தி மாட்டும் பிளாஸ்டிக் கால் கூலர் இதில் உட்காராது, நான்கு மூலையிலும் திருகு போடும் வகை வேண்டும்.

விண்டோஸ் 11-க்கு இன்டெல் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரப்பூர்வ ஆதரவு, இரண்டு செட்டுமே பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. சோதனையைத் தாண்டி 11-ஐ ஏற்றுபவர்கள் உண்டு, வேலைக்கான மெஷினில் நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். 10-லேயே வைத்து, பேங்க் வேலையை வேறு மெஷினில் பாருங்கள், வாடிக்கையாளர் படங்களுக்கு வெளி டிஸ்கில் இன்னொரு பிரதி எப்போதும் இருக்கட்டும்.

டைம்லைன்:

யூபிஎஸ் பற்றி. 600 விஏ என்பதில் பெரும்பாலும் 360 வாட் வரைதான் கிடைக்கும். சிப் 140, 1060 கார்டு 120, போர்டு, டிஸ்க், மானிட்டர் எல்லாம் சேர்த்தால் சொந்த வேகத்தில் சமாளித்துவிடும். 4.2-க்கு ஏற்றினால் ரெண்டரின்போது சிப் மட்டுமே 200 வாட்டைத் தொடலாம், கரண்ட் போகும் நேரம் அதுவாக இருந்தால் யூபிஎஸ் தாங்காமல் கட் ஆகிவிடும். முதல் மாதம் ஓவர்கிளாக் செய்யாமல் ஓட்டுங்கள், 1 கேவிஏ வாங்கிய பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.