ஹோம்ப்ரூ போட்டி: ஜட்ஜிங் ஆரம்பிச்சு நாளாச்சு, ரிசல்ட் இன்னும் வரல, இது வழக்கம்தானா?

கருப்பட்டி_ஸ்டவுட்:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஓஹையோல இருக்கேன், வீட்டு கராஜ்லதான் ப்ரூ பண்றேன், அதாவது சொந்தமா பீர் காய்ச்சுறேன். இப்பதான் முதல் தடவையா ஒரு போட்டிக்கு பீர் குடுத்திருக்கேன். பக்கத்து ஊர் கிளப் ஒண்ணு நடத்துறது, பிஜேசிபில (பீர் ஜட்ஜுங்களுக்குத் தேர்வு வச்சு, ஸ்டைல் புக்கும் போடுற அமைப்பு) பதிவு பண்ண போட்டிதான். ஹோம்ப்ரூ கடைல கொண்டுபோய் பாட்டிலக் குடுத்தேன், சைட்ல என் என்ட்ரி வந்து சேர்ந்துருச்சுன்னு காட்டுது, அதுக்கப்புறம் அந்தப் பக்கத்துல ஒண்ணுமே மாறல. ஜட்ஜுங்க டேபிள்ல உக்காந்து எழுதிட்டிருக்குற போட்டோ எல்லாம் கிளப் போட்டாச்சு, ஆனா ஸ்கோரும் இல்ல ஸ்கோர்ஷீட்டும் இல்ல, நானும் காலைல எந்திரிச்சதும் அதைத் திறந்து பாக்குறதே வேலையா இருக்கேன்.

நான் குடுத்தது டிராப்பிகல் ஸ்டவுட், கருப்பா இனிப்பா இருக்குற பீர், பிஜேசிபி புக்ல ஸ்டைல் நம்பர் 16சி. லயன் ஸ்டவுட் எனக்கு ரொம்பப் பிடிக்கும், இலங்கைல பண்ற பீர், இங்க கிடைக்கிறதுல ஆல்கஹால் 8.8 பர்சென்ட், பிஜேசிபி புக்லயே இந்த ஸ்டைலுக்கு உதாரணமா அதோட பேர் இருக்கு. அந்த மாதிரி ஒண்ணு நம்ம கையால பண்ணணும்னு ரொம்ப நாள் ஆசை. ஊர்லேர்ந்து வந்த உடன்குடி கருப்பட்டிய கொதி முடியுற நேரத்துல போட்டேன், லாகர் ஈஸ்ட்ட (குளிர்ல புளிக்க வைக்கிற வகை) வச்சு ஏல் சூட்டுல, அதாவது கொஞ்சம் வெதுவெதுப்பா, புளிக்க விட்டேன், ஓஜி (புளிக்கிறதுக்கு முன்னாடி அடர்த்தி) 1.070, எஃப்ஜி (புளிச்சப்புறம்) 1.016, ஆல்கஹால் ஏழு பர்சென்ட் கிட்ட வந்துச்சு. எனக்கு மனசுக்குப் பிடிச்ச பீர் இது, அதான் இவ்ளோ தவிப்பு.

லேட் ஆகுதுன்னா என் பீர்ல ஏதோ பிரச்சனைன்னு அர்த்தமா, இல்ல எல்லாருக்குமே இப்படித்தானா? ஜட்ஜ் பண்ணவங்க யாராவது இருந்தா உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் சொல்லுங்க ப்ளீஸ்.

மதுரை_மால்ட்:

தம்பி, ரிசல்ட் லேட்டாகுறதுக்கும் உங்க பீருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நான் மிச்சிகன்ல ஜட்ஜ் பண்றேன், ஸ்டூவர்ட் வேலையும் (ஜட்ஜுங்க டேபிளுக்கு பாட்டிலக் கொண்டு வந்து குடுக்குறது) பாத்திருக்கேன், அதனால சொல்றேன்.

ஒரு பீர் டேபிளுக்கு வந்தா குறைஞ்சது ரெண்டு ஜட்ஜ் இருப்போம். பாட்டில்ல நம்பர் மட்டும்தான், யார் பண்ணதுன்னு தெரியாது. ஊத்தின உடனே மணம்தான் பாப்போம், ஏன்னா சில வாசனை கொஞ்ச நேரத்துல பறந்துடும். மொத்தம் 50 மார்க்: மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாய்ல நிக்கிற தன்மை 5, மொத்தமா எப்படின்னு 10. ஒருத்தர் எழுதி முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தர் வாயத் திறக்க மாட்டார், முகத்துலகூட காட்டிக்கக் கூடாது, எழுதினப்புறம்தான் மார்க்கச் சொல்லிக்குவோம். ரெண்டு பேருக்கும் ரொம்ப இடைவெளி இருந்தா திரும்பச் சுவைச்சுப் பாத்து, பேசி, கிட்டக் கொண்டு வருவோம். இப்படி ஒவ்வொரு பீருக்கும் பண்ணணும், ஒரு ஃப்ளைட்ல (ஒரு ஜோடி ஒரே மூச்சுல பாக்குற வரிசை) எட்டு பத்து பீர் இருக்கும், அதுக்கு மேல போனா நாக்கு வேலை செய்யாது. அதனாலதான் கொஞ்சம் பெரிய போட்டின்னா ஒரே நாள்ல முடியாது, சில வார நாள் சாயந்தரம், சில சனிக்கிழமைன்னு பிரிச்சுப் போடுவாங்க.

ஒரே கேட்டகரிக்கு நிறைய என்ட்ரி வந்தா ரெண்டு மூணு ஜோடியாப் பிரிச்சுக் குடுப்பாங்க, ஒவ்வொரு ஜோடியும் நல்லா இருந்ததை மேல அனுப்பும், அதையெல்லாம் பக்கத்துல பக்கத்துல வச்சு மறுபடி பாக்கணும், இதத்தான் மினி பெஸ்ட் ஆஃப் ஷோன்னு சொல்வோம். கடைசில ஒவ்வொரு கேட்டகரிலயும் முதல் வந்த பீர் எல்லாத்தையும் ஒரே மேசைல வச்சு பெஸ்ட் ஆஃப் ஷோ. அதுல மார்க்கே கிடையாது, பேசிப் பேசி ஒவ்வொண்ணாக் கழிச்சுக்கிட்டே வருவோம். இது முடியாம உங்க ஸ்கோர வெளிய விட மாட்டாங்க. ஏன்னா ஜட்ஜுங்கள்ல பாதிப் பேர் அதே போட்டில வேற கேட்டகரிக்கு பீர் குடுத்திருப்பாங்க (தான் குடுத்த கேட்டகரில உக்கார முடியாது, ஆனா மத்ததுல உக்காருவாங்க), நடுவுல எதுக்கு என்ன ஸ்கோர், யாரோடதுன்னு தெரிஞ்சா கண்ணைக் கட்டிக்கிட்டுப் பாக்குறதுக்கே அர்த்தம் இல்லாமப் போயிடும்.

அப்புறம் பேப்பர்ல எழுதினதா இருந்தா எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ஏத்தணும், நீங்க பதிவு பண்ணப்ப குடுத்த நம்பர் வேற, ஜட்ஜிங் நம்பர் வேற, ரெண்டும் சரியா சேருதான்னு பாக்கணும். இதெல்லாம் பண்றவங்க ஆபீஸ் வேலை முடிச்சுட்டு வந்து ராத்திரி உக்காந்து பண்ற வாலன்டியருங்க. போட்டி சைட்ல பரிசு குடுக்குற தேதின்னு ஒண்ணு போட்டிருப்பாங்க, அதப் பாருங்க, பெரும்பாலும் அன்னிக்குத்தான் எல்லாம் திறக்கும். அந்த நாள் தாண்டி ஒரு வாரம் ஆகியும் ஷீட் வரலன்னா ஆர்கனைசருக்கு மரியாதையா ஒரு மெயில் போடுங்க, தப்பே இல்ல.

ஹாப்ஸ்_கோவை:

மதுரை அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேத்துக்குறேன் ப்ரோ, ரிசல்ட் வந்ததும் ஸ்கோரையும் மெடலையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதீங்க. எனக்கு 39 வந்து மெடல் இல்லாமப் போயிருக்கு, 33க்கு மெடல் வந்திருக்கு, ஏன்னா மெடல் அந்த டேபிள்ல யார் யார் இருந்தாங்கன்றதப் பொறுத்தது. ஐபிஏ (ஹாப்ஸ்ங்குற பூவோட வாசனையும் கசப்பும் தூக்கலா இருக்குற பீர்) டேபிள்ல எப்பவும் கூட்டம், அங்க 39ங்குறது நடுவுல எங்கயோ நிக்கும். பிஜேசிபி கணக்குப்படி 30லேர்ந்து 37 வெரி குட், 38லேர்ந்து 44 எக்ஸலண்ட், 45க்கு மேல போறது ரொம்ப அபூர்வம். முதல் போட்டிலயே 30 தாண்டினா சந்தோஷமா கொண்டாடுங்க.

லேட்டாகுறதுனால உண்மைலயே அடிவாங்குறது என்ன மாதிரி ஹேஸி (கலங்கலா இருக்குற ஐபிஏ) பண்றவங்கதான். டிரை ஹாப் (கொதிக்க வைக்காம பீர்ல நேரா போடுற ஹாப்ஸ்) வாசனை வாரா வாரம் இறங்கும், கொஞ்சம் ஆக்ஸிஜன் உள்ள போயிருந்தா நிறமே மங்கிடும், நான் பாட்டில் குடுத்த நாளுக்கும் ஜட்ஜ் திறக்குற நாளுக்கும் நடுவுல அது வேற பீரா மாறிடும். உங்களுக்கு அந்தக் கவலை இல்ல, ஏழு பர்சென்ட் ஸ்டவுட் சில வாரத்துல ஒண்ணும் ஆகாது, இன்னும் உருண்டு திரண்டு நல்லாத்தான் வரும்.

பனங்காட்டு_நரி:

வணக்கம் தம்பி, நான் டொரன்டோவில இருக்கிறன். கருப்பட்டி போட்ட ஸ்டவுட் எண்டு வாசிச்ச உடன சந்தோசமாப் போச்சு. நானும் யாழ்ப்பாணத்துப் பனங்கட்டி போட்டு ஸ்டவுட் செய்யிறனான். அது முழுக்கச் சீனிதானே, ஈஸ்ட் விடாமச் சாப்பிட்டுடும், இனிப்பு மிஞ்சாது, வாசம் மட்டும்தான் நிக்கும். சீனி கூடக் கூட பீர் மெலிஞ்சும் போகும், அதால நான் மாஷ் (மால்ட் எண்ட முளைகட்டின தானியத்தைச் சுடுதண்ணியில ஊற வைக்கிறது) வெப்பத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கிறனான், பீரின்ர கனம் மால்ட்டில இருந்து வரோணும். பாதிப் பனங்கட்டியை, பீர் புளிக்கிறது உச்சத்துக்குப் போய்த் தணியேக்க கரைச்சு விட்டா வாசம் இன்னும் வடிவா நிக்குது, அடுத்த முறை செய்து பாருங்கோ.

காத்திருக்கிற நேரத்தில ஒரு வேலை செய்யுங்கோ. அதே பேட்ச்சில மிச்சம் பாட்டில் இருக்கும்தானே? பிஜேசிபி ஸ்கோர்ஷீட் அவையளின்ர தளத்தில சும்மா எடுக்கலாம், பிரிண்ட் எடுத்து வைச்சு, ரிசல்ட் வர முன்னம் நீங்களே உங்கட பீரை ஜட்ஜ் பண்ணுங்கோ. பக்கத்தில ஒரு லயன் ஸ்டவுட்டும் வையுங்கோ. வீட்டில ஆரையாவது ஊத்தித் தரச் சொல்லுங்கோ, எது எந்தக் கிளாஸ் எண்டு உங்களுக்குத் தெரியக்கூடாது. வெண்ணெய் வாசம் வருதோ, பச்சை ஆப்பிள் வருதோ, அவிச்ச சோளம் வருதோ எண்டு ஒவ்வொண்டாத் தேடி எழுதுங்கோ. ஜட்ஜின்ர ஷீட் வந்த பிறகு எழுதினா அவை சொன்னதுதான் உங்கட நாக்கிலயும் தெரியும், அதுக்கு முதல் எழுதினாத்தான் உங்கட நாக்கு எங்க நிக்குது எண்டு விளங்கும். எனக்கு வெண்ணெய் வாசம் பிடிபடாது எண்டதை இப்பிடித்தான் கண்டுபிடிச்சன், ரெண்டு ஜட்ஜும் எழுதியிருந்தினம், என்ர தாள்ல அது இல்லவே இல்லை. இப்ப ஒவ்வொரு பேட்ச்சையும் பாட்டில்ல அடைக்க முன்னம் மனுசிட்டக் குடுத்துக் கேக்கிறனான், அவவுக்கு உடன தெரியும்.

தாம்பரம்_வாசகன்:

சம்பந்தம் இல்லாம கேக்குறேன், மன்னிக்கணும். இதெல்லாம் வீட்லயே பண்ண அங்க சட்டம் விடுதா? நம்ம ஊர்ல பண்ணலாமா?

மதுரை_மால்ட்:

தமிழ்நாட்டுல 1937 மதுவிலக்குச் சட்டம் இருக்கு, லைசென்ஸ் இல்லாம வீட்ல மது தயாரிக்கக் கூடாது, அதனால அங்க வேண்டாம் தம்பி. அமெரிக்கால 1978ல கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம், 1979 பிப்ரவரிலேர்ந்து நடைமுறை. வீட்ல வயசு வந்தவர் ஒருத்தர்னா வருஷத்துக்கு 100 கேலன், ரெண்டு பேரோ அதுக்கு மேலயோன்னா 200, விக்கக் கூடாது. மாநிலத்துக்கு மாநிலம் தனிச் சட்டமும் உண்டு, அலபாமாவும் மிசிசிப்பியும் 2013லதான் விட்டாங்க.

கருப்பட்டி_ஸ்டவுட்:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. மதுரை அண்ணே, நீங்க சொன்னப்புறம் போய்ப் பாத்தேன், பரிசு குடுக்குற தேதி அடுத்த சனிக்கிழமைன்னு போட்டிருக்கு, பெஸ்ட் ஆஃப் ஷோவும் அன்னிக்குக் காலைலதானாம், மனசு கொஞ்சம் அடங்குச்சு. டொரன்டோ அண்ணா, உங்க யோசனை அருமை, ஷீட்ட பிரிண்ட் எடுத்துட்டேன், லயன் ஸ்டவுட்டும் வாங்கி வச்சாச்சு, வர்ற வெள்ளிக்கிழமை ராத்திரி ஊத்தித் தரேன்னு வீட்ல சொல்லிருக்காங்க.

இன்னும் ஒரே ஒரு கேள்வி. கருப்பட்டி போட்டத நான் என்ட்ரில எழுதல, ஸ்டவுட்டாத்தான் குடுத்தேன். 31பின்னு மாற்றுச் சர்க்கரை பீருக்குத் தனியா ஒண்ணு இருக்கே, அடுத்த போட்டிக்கு இதே பேட்ச்ச அங்க குடுக்கலாமா?

மதுரை_மால்ட்:

16சில குடுத்தது சரியான முடிவுதான். அந்த ஸ்டைல்ல வெல்லப்பாகு வாசனை, கருகுன சர்க்கரை, ரம் சாயல் எல்லாம் வரலாம்னு புக்லயே இருக்கு, ஓஜிய ஏத்த சர்க்கரை சேக்குறதும் வழக்கம். கருப்பட்டி பின்னாடி நின்னு ஸ்டவுட்ட தூக்கிக் குடுத்தா 16சி. குடிச்ச உடனே இது என்ன வாசனைன்னு யாரும் கேக்குற அளவுக்கு முன்னாடி வந்து நின்னா 31பி, அங்க என்ன சர்க்கரை, அடிப்படை ஸ்டைல் என்னன்னு எழுதியே ஆகணும். "பனங்கருப்பட்டி"ன்னு மட்டும் எழுதினா இங்க நிறைய ஜட்ஜுக்குத் தெரியாது, பனை மரத்துப் பதநீரக் காய்ச்சின கருப்பு வெல்லம், புகை வாசனையும் டாஃபி வாசனையும் லேசா இருக்கும்னு ஒரு வரி சேருங்க, அவங்க எதத் தேடணும்னு தெரிஞ்சுக்குவாங்க.

எதுல குடுக்குறதுன்னு இந்த ஷீட் வந்ததும் பாத்து முடிவு பண்ணுங்க. யாராவது மொலாசஸ்னோ புகைன்னோ மணம் பகுதில எழுதி அதுக்காக மார்க்கக் குறைச்சிருந்தா 31பிக்குப் போங்க, பாராட்டி எழுதிருந்தா 16சிலயே இருங்க. அது வரைக்கும் மூணு நாலு பாட்டில ஃப்ரிட்ஜ்ல நேரா நிக்க வச்சுத் தனியா எடுத்து வைங்க, கராஜ்ல வேண்டாம், வெயில் காலம் வந்தா அந்தச் சூட்டுல பீர் சீக்கிரமே பழசாயிடும்.

வெள்ளிக்கிழமை நீங்களே போட்ட மார்க் என்னன்னு இங்க எழுதுங்க தம்பி, சனிக்கிழமைக்கு முன்னாடியே.