பாரிஸில் ஒரு நாள்: கடையும் சேன் ஆத்தங்கரையும்

கேள்வி (கீழக்கரை): காக்காமாரே, வாப்பா உம்மாவோட பாரிஸ்ல ஒரு நாள் இருக்கு. ஓடாம ஆத்தங்கரையில நடக்கணும், கொஞ்சம் கடையும் பாக்கணும். எங்கே தொடங்குறது?

பதில் 1: மெட்ரோ 4-ல வந்து சித்தே ஸ்டேஷன்ல இறங்குங்க. ஏறி வந்ததுமே பூச்சந்தை. அங்கிருந்து நோத்ருதாம் சர்ச்சைப் பாத்துட்டு ஆத்தோட தென்கரைக்குப் போங்க. கரைச்சுவர் மேல வரிசையா பச்சைப் பெட்டி, உள்ள பழைய புத்தகம், படம், தபால் அட்டை. காலையில வெள்ளனப் போனா பெட்டி பூட்டித்தான் கிடக்கும்; மதியத்துக்கு மேல போங்க. மழைன்னா பாதி திறக்காது. அப்படியே 1607-ல கட்டி முடிச்ச போன் நெஃப் பாலம் வரை நடந்தா போதும். பேருதான் 'புதுப்பாலம்', பாரிஸ் ஆத்துப் பாலங்கள்ல இருக்கிறதுலயே பழசு அதுதான். ஆத்துல வெள்ளம் ஏறினா தண்ணியை ஒட்டின கீழ்ப்பாதையை அடைச்சிருவாங்க, மேல்ரோட்டுல நடங்க.

பதில் 2 (ராம்நாடு): ஞாயித்துக்கிழமை வேண்டாம் தம்பி, நிறைய கடை பூட்டு. சோறு, இடியாப்பத்துக்கு பாரிஸ்லயே லா ஷப்பேல் பக்கம் போங்க, நம்ம தமிழாளுக கடைதான். ஒரே கடையில 100 யூரோ தாண்டினா பாஸ்போர்ட்டைக் காட்டி, சாமான்ல கட்டின வரியைத் திரும்ப வாங்குற படிவம் கேளுங்க. ஏர்போர்ட்ல பெட்டியைப் போடுறதுக்கு முந்தி அந்தப் படிவத்தைச் சரிபாக்குற பாப்லோங்கிற மெஷின்ல அதை ஸ்கேன் பண்ணணும். மறந்தா காசு வராது.

பதில் 3: தெருவுல யாராவது கையெழுத்து கேட்டு அட்டையை நீட்டினா நிக்காதீங்க. அட்டைக்கு அடியில அவங்க கை உங்க பைக்குள்ள போகும்.