கேஸ், பெட்ரோல் விலை ஏறிய பிறகு உங்கள் வீட்டில் என்ன மாறியது? அனுபவங்களைச் சொல்லுங்கள்

அடுக்களைக் கணக்கு:

நானே ஆரம்பிக்கிறேன். புது சிலிண்டர் மாட்டிய தேதியை நாள்காட்டியில் பென்சிலால் வட்டம் போடுவது என் பழக்கம். முன்பெல்லாம் அது வெறும் ஞாபகத்துக்கு. விலை ஏற ஏற அந்த வட்டம் பரீட்சை மார்க் மாதிரி ஆகிவிட்டது. போன தடவை நாற்பத்திரண்டு நாள் வந்தது, இந்தத் தடவை முப்பத்தெட்டு. அந்த நாலு நாள் எங்கே போனது என்று வீட்டில் ஒரே விசாரணை.

விசாரணையில் முதலில் மாட்டியவர் மாமனார். எழுபத்தாறு வயது. காலையில் குளிக்க அடுப்பில்தான் ஒரு பானைத் தண்ணீர் காய வைப்பார். நான் சண்டையெல்லாம் போடவில்லை. "மாமா, இப்பல்லாம் கேஸ் சீக்கிரமே தீர்ந்துடுது" என்றேன், அதுவும் வேறு எதையோ பேசுகிற சாக்கில். மறுநாள் அடுப்பில் பானை இல்லை. பச்சைத்தண்ணீரில் குளித்துவிட்டு, துண்டைப் போர்த்திக்கொண்டு, வெயில் விழும் இடமாகப் பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இன்னொன்று. கேஸுக்குக் கூடுதலாகப் போகிற பணம் எங்கிருந்தோ வர வேண்டுமே. வாடகையிலிருந்து வராது, ஸ்கூல் ஃபீஸிலிருந்து வராது. என் செருப்பிலிருந்து வந்தது. மூன்றாவது தடவையாகத் தைத்துப் போட்டிருக்கிறேன்.

ரெண்டு சக்கரம்:

அக்கா, என் ரூமில் அடுப்பே கிடையாது. நான் புலம்ப வந்தது பெட்ரோலுக்கு. பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. பெட்ரோல் ஏறிய மாதம் கூலி ஏறவில்லை, பெட்ரோல் இறங்கிய மாதம் என்று ஒன்று இருந்ததா என்றே எனக்கு நினைவில்லை. ஒரு காலத்தில் பங்கில் போய் "ஃபுல் பண்ணுங்க" என்பேன். இப்போது தொகையைச் சொல்கிறேன். அதே தொகைதான், டேங்கில் விழும் சத்தம் மட்டும் சீக்கிரம் நின்றுவிடுகிறது.

ஒரு நாள் ஒரு வீட்டு வாசலில் நின்று போன் செய்தால், "நான் இப்ப ஆபீஸ்ல இருக்கேன், அங்க கொண்டு வந்துடு தம்பி, பக்கம்தான்" என்றார். பக்கம்தான். போக நாலு கிலோமீட்டர், வர நாலு. அந்த பார்சலில் எனக்கு நின்ற காசு வழியிலேயே எரிந்து போனது. அவர் நல்ல மனுஷர், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். ஆனால் எட்டு கிலோமீட்டர் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மெக்கானிக் அண்ணன் சொல்லி இரண்டு விஷயம் மாற்றினேன். வாரம் ஒரு முறை டயரில் காற்று பார்க்கிறேன், சிக்னலில் நீளமாக நிற்க வேண்டியிருந்தால் இன்ஜினை அணைத்துவிடுகிறேன். காற்று குறைந்த டயர் ரோட்டோடு ஒட்டிக்கொண்டு இழுக்கும், இன்ஜினுக்கு வேலை கூடும். மிச்சம் கொஞ்சம்தான், ஆனால் தெரிகிறது.

அப்புறம் ஒரு கூத்து. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவில் கச்சா எண்ணெயின் எதிர்கால ஒப்பந்த விலை (பின்னால் எடுத்துக்கொள்ளப்போகும் எண்ணெய்க்கு முன்கூட்டியே பேசும் விலை) பூஜ்யத்துக்கும் கீழே, பீப்பாய்க்கு மைனஸ் 37 டாலரையும் தாண்டிப் போனதே, ஞாபகம் இருக்கிறதா? விற்கிறவனே காசு கொடுத்து எடுத்துப் போகச் சொன்ன நாள். எனக்கு எந்த பங்கிலும் யாரும் காசு கொடுக்கவில்லை.

கேரியர்காரி:

நான் வீட்டில் சமைத்து இருபத்திரண்டு பேருக்குக் கேரியர் கொடுக்கிறேன். எங்களுக்கு வேறு மாதிரி வலி. கேஸ் ஏறினால் எண்ணெய், காய், மளிகை எல்லாமே லாரி வாடகையைச் சேர்த்துக்கொண்டு பின்னாலேயே வரும். நான் மட்டும் ஏற்றக் கூடாது. நாலு மாதம் தள்ளிப் போட்டுவிட்டு, கடைசியில் கேரியர் மூடிக்குள் ஒரு சின்னத் துண்டுச் சீட்டு வைத்தேன். நேரில் சொல்ல நாக்கு வரவில்லை. இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். அதில் ஒருவர், "உங்களுக்கு மட்டுமாம்மா விலை ஏறியிருக்கு?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. அவர் கேட்டதில் தப்பும் இல்லை.

நடுவில் ரோஷம் வந்து பின்கட்டில் விறகு அடுப்பு மூட்டினேன். மூன்றே நாள். கண் எரிச்சல், இருமல். பாத்திரத்தின் கரியைத் தேய்க்கவே ஒரு மணி நேரம் ஆனது, மிச்சம் பிடித்ததையெல்லாம் சோப்பு தின்றது. வீட்டுக்குள் விறகு, கரி போன்றவற்றை எரிக்கும் புகையால் 2020இல் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார அமைப்பு கணக்குச் சொல்கிறது. அந்த மூன்று நாளுக்கு முன்பு படித்திருந்தால் வெறும் எண்ணாகத் தாண்டிப் போயிருப்பேன்.

ஓய்வு வாத்தியார்:

அம்மா, கேரியர்காரி அவர்களே, நாற்பது வருஷம் இயற்பியல் நடத்தியவன் என்ற உரிமையில் ஒன்று கேட்கிறேன். கொதி வந்த பிறகும் அடுப்பை முழுசாகவா வைத்திருக்கிறீர்கள்? என் வீட்டில் அப்படித்தான் நடந்தது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் நூறு டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டால், நீங்கள் எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. மிச்சத் தீயெல்லாம் ஆவியாக்கத்தான் போகும். சாதாரணச் சூட்டில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு வேண்டும், அதையே முழுக்க ஆவியாக்க. மூடி போடாத பாத்திரத்திலிருந்து மேலே போவது உங்கள் காசு. பிரஷர் குக்கரில் ஆவியை அடைத்துவைப்பதால் சூடு 120 டிகிரி வரை போகிறது, அதனால்தான் சீக்கிரம் வேகிறது.

தீ மஞ்சளாக எரிந்தால் பர்னர் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள். அது அரைகுறையாக எரிகிறது என்று அர்த்தம். இதை என் மனைவியிடம் சொன்னபோது, "நாற்பது வருஷமா இந்த அடுப்பங்கரைக்குள்ள வராதவருக்கு இதெல்லாம் எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டாள். பிறகு பர்னரை நான்தான் கழுவினேன்.

குறுக்கே வருகிறேன்:

சார், இண்டக்‌ஷனைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் விலை ஏறிய கோபத்தில் வாங்கினோம். பாதிப் பாத்திரம் அலுமினியம், அதில் வேலையே செய்யவில்லை. காந்தம் ஒட்டுகிற அடிப்பாகம் வேண்டுமாம். புதுப் பாத்திரச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஓய்வு வாத்தியார்:

நல்ல கேள்வி, தம்பி. ஒரு கிலோ சமையல் கேஸுக்குள் இருப்பது ஏறக்குறைய 12.8 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி. ஆனால் கேஸ் அடுப்பில் பாதிக்குக் கொஞ்சம் முன்னே பின்னேதான் பாத்திரத்துக்குப் போகும், இண்டக்‌ஷனில் பெரும்பகுதி போய்விடும். ஆக ஒரு கிலோ கேஸின் வேலையை ஏழு முதல் ஒன்பது யூனிட் மின்சாரம் செய்துவிடும். உங்கள் ஒரு கிலோ கேஸ் விலையையும் எட்டு யூனிட் மின்கட்டணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எது ஜெயிக்கிறது என்பது வீட்டுக்கு வீடு மாறும். பாத்திரச் செலவை வாங்கச் சொன்னவர் கணக்கில் எழுதுங்கள்.

ரெண்டு சக்கரம்:

சார், கேஸ் விலை ஏன் மாசாமாசம் ஆடுகிறது?

ஓய்வு வாத்தியார்:

சமையல் கேஸ் என்பது பெரும்பாலும் புரொப்பேனும் பியூட்டேனும். இவற்றுக்குச் சவூதி அரேபியாவின் எண்ணெய் நிறுவனமான சவூதி அராம்கோ மாதாமாதம் ஒரு ஒப்பந்த விலை அறிவிக்கும், ஆசியாவில் இறக்குமதிக்குப் பெரிதும் அதுதான் அளவுகோல். விலை டாலரில். ஆகவே அங்கே விலை நகராவிட்டாலும் இங்கே நம் பணம் டாலருக்கு எதிரே சரிந்தால் போதும், உங்கள் அக்காவின் நாள்காட்டியில் தெரியும்.

அடுக்களைக் கணக்கு:

வாத்தியார் சார், மூடி விஷயத்தைச் செய்துபார்த்தேன். பர்னரையும் கழுவினேன், தீ நீலமாகிவிட்டது. பழைய வழி ஒன்றையும் பக்கத்து வீட்டு அக்கா சொல்லிக்கொடுத்தார். ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழ் வரை துடைத்துவிட்டுப் பார்த்தால், கேஸ் இருக்கிற மட்டத்துக்குக் கீழே ஈரம் காயத் தாமதமாகும். திடுக்கென்று தீர்ந்து போகிற பயம் இல்லை.

இந்தத் தடவை நாற்பத்தொரு நாள். இன்று காலையில் மாமனாரிடம் எதுவும் சொல்லாமல் பானையை நானே அடுப்பில் வைத்தேன். மூடி போட்டு. குளித்துவிட்டு வந்தவர், "கேஸ் சீக்கிரம் தீர்ந்துடும்மா" என்றார்.