1000 வெள்ளிக் கணினிக்கு 850 வாட்டா? யாராவது கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள்

ஈசூன்வாசி · வியாழன், இரவு 9:12

நேற்று தெம்பனீஸ் தம்பி ஒரு எளிய கேள்வி கேட்டார். தேசிய சேவை முடிய இன்னும் இரண்டு மாதம், அலவன்ஸில் மிச்சம் பிடித்த 1000 வெள்ளி கையில், 1080பி திரை வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது, கேம் ஆடக் கணினி கட்ட என்னென்ன வாங்கலாம் என்று. அதற்குப் பழைய பென்டியம் அண்ணன் கொடுத்த பதில் இது: "முதலில் 850 வாட் கோல்டு பவர் சப்ளை வாங்கு. மிச்சக் காசில் மற்றதைப் பார். இதுகூடத் தெரியாதவன் கணினி கட்டவே கூடாது."

படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆயிரம் வெள்ளிக்காரன் கைக்கு எட்டுவது ரைசன் 5 5600 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு, அவ்வளவுதான். அந்தக் கார்டு 115 வாட். பிராசசர் பெட்டியில் 65 என்று போட்டிருக்கும், முழு மூச்சில் ஓடினால் எண்பதுக்குப் பக்கம் போகும். போர்டு, ராம், எஸ்எஸ்டி, காற்றாடி எல்லாம் சேர்த்து ஓர் ஐம்பது. மொத்தத்தில் 250ஐத் தொடாது. கார்டைச் செய்யும் என்விடியாவே 4060க்கு 550 வாட் பவர் சப்ளை போதும் என்கிறது. மிச்ச 300 எதற்கு அண்ணே, பக்கத்தில் ரைஸ் குக்கர் செருகவா?

பழைய பென்டியம் · வியாழன், இரவு 9:40

என்னைத் திட்டத் தனி இழையே தொடங்கிவிட்டீர்கள். பெருமையாக இருக்கிறது.

நான் 1998இலிருந்து கணினி கட்டுகிறேன். கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் மாடி மாடியாக ஏறி விலை கேட்டு, கேசிங்கை மடியில் வைத்துப் பேருந்தில் வீட்டுக்குக் கொண்டுவந்தவன். உங்களில் பாதிப் பேர் அப்போது பால்வாடி. எனக்கு 550 பாடம் எடுக்க வேண்டாம்.

ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். ஒரு கடையில் கேசிங்கோடு சேர்த்து 'இலவசமாக' 600 வாட் பவர் சப்ளை கொடுத்தார்கள். கையில் தூக்கினால் காலி பிஸ்கட் டின் கனம். சின்னப் பையன், எனக்கு என்ன தெரியும், மாட்டினேன். மூன்றாம் மாதம் இரவு இரண்டு மணிக்கு 'டப்' என்று ஒரு சத்தம். மீன் கருகின மாதிரி வாசனை. வாசல் கதவுக்கு மேலே இருக்கும் மெயின் சுவிட்ச் விழுந்து வீடே இருட்டு. அம்மா எழுந்து வந்து முதலில் கேட்டது, "ஃபிரிட்ஜில் இறால் இருக்கிறதே, என்ன ஆகும்?" போர்டு போச்சு, ஹார்ட் டிஸ்க் போச்சு, இறாலும் போச்சு. அன்றிலிருந்து பவர் சப்ளையில் நான் கை இறுக்குவதில்லை. 850.

ஈசூன்வாசி · வியாழன், இரவு 9:51

உங்கள் கதையில் வெடித்தது 600 வாட். வாட் குறைந்ததால் வெடிக்கவில்லை, பேர் தெரியாத பெட்டி என்பதால் வெடித்தது. நான் சொல்வது நல்ல கம்பெனியின் 550. அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

கோப்பி ஓ · வியாழன், இரவு 10:03

இறால் கதை இந்த வருடத்தில் மூன்றாவது தடவை. போன தடவை அது கணவாய்.

வாட்டர்கூலர் · வியாழன், இரவு 10:15

எல்லாரும் ஏன் இவ்வளவு சின்னதாக யோசிக்கிறீர்கள்? என்னுடையது 9800எக்ஸ்3டி பிராசசர், ஆர்டிஎக்ஸ் 5080 கார்டு, முழுவதும் தண்ணீர்க் குளிர்ச்சி. 360 வாட் கார்டு, என்விடியா கேட்பது 850, நான் போட்டது 1000. 4கேயில் எல்லாம் வெண்ணெய். நாலாயிரத்துச் சொச்சம் ஆனது, ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

கோப்பி ஓ · வியாழன், இரவு 10:17

தம்பி கேட்டது பிராட்டாவுக்கு எந்தக் குழம்பு நல்லது என்று. நீங்கள் கல்யாண மண்டப மெனு வாசிக்கிறீர்கள்.

தெம்பனீஸ் தம்பி · வியாழன், இரவு 10:30

அண்ணன்மார்களே, நான்தான் கேட்டது. பவர் சப்ளை இருக்கட்டும். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறின ஏற்றத்தில் 16 ஜிபி வாங்கவே பயமாக இருக்கிறது. இப்போதைக்கு ஒரே ஒரு 8 ஜிபி குச்சி போட்டு, அப்புறம் இன்னொன்று வாங்கலாமா?

பழைய பென்டியம் · வியாழன், இரவு 10:44

தம்பி, அதெல்லாம் அப்புறம். முதலில் அஸ்திவாரம்.

ஈசூன்வாசிக்கு: 550 போதும் என்பது இன்றைய கணக்கு. ஆளுக்கு இன்று 4060. மூன்று வருடம் கழித்து வேலை, சம்பளம் வந்ததும் 9070 எக்ஸ்டி மாதிரி ஒரு கார்டு வாங்குவார். அது மட்டுமே 304 வாட், அதைச் செய்யும் ஏஎம்டி 750 வாட் பவர் சப்ளை கேட்கிறது. அப்போது உங்கள் 550ஐக் குப்பையில் போட்டு மறுபடி காசு. நல்ல கோல்டு பெட்டிக்குப் பத்து வருட உத்தரவாதம் உண்டு. பிராசசர் மாறும், கார்டு மாறும், பவர் சப்ளை கூடவே வரும். என்னுடைய பெட்டி மூன்று கணினி பார்த்துவிட்டது.

அப்புறம் நம் ஊர் வெயில். மதியம் 32 டிகிரி, வீவக அடுக்குமாடி அறை, ஏர்கான் போடாமல் ஆடுவார். பாதிச் சுமையில் ஓடும் பெட்டி சூடாகாது, காற்றாடியும் கத்தாது. இதெல்லாம் கட்டிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

ஈசூன்வாசி · வியாழன், இரவு 10:58

பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைக்கிறீர்கள். இல்லாத சம்பளம், இல்லாத கார்டு, அதற்கு இன்றைக்கே வாட்டா? 250ஐ 550ஆல் வகுத்துப் பாருங்கள், அதுவே பாதிச் சுமைதான். நீங்கள் கேட்கும் அமைதி 550லேயே இருக்கிறது.

850க்கும் 550க்கும் நடுவில் எப்படியும் அறுபது எழுபது வெள்ளி வித்தியாசம் வரும். இந்தக் காலத்தில் அது இரண்டாவது ராம் குச்சிக்குப் போக வேண்டிய காசு.

நிறைமதி · வியாழன், இரவு 11:20

இரண்டு பேருமே 'கோல்டு' என்ற சொல்லை என்ன அர்த்தத்தில் பயன்படுத்துகிறீர்கள்? கோல்டு என்பது திறன் அளவு மட்டுமே. சுவரிலிருந்து எடுப்பதில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பது. பாதிச் சுமையில் வெண்கலப் பட்டையான பிரான்ஸ் 85 விழுக்காடு, கோல்டு 90. மின்வழங்கி, அதாவது உங்கள் பவர் சப்ளை, வெடிக்குமா வெடிக்காதா என்று அந்தப் பட்டை சொல்லாது.

கணக்கு: உள்ளே 250 வாட் வேண்டும் என்றால் பிரான்ஸ் சுவரிலிருந்து 294 எடுக்கும், கோல்டு 278. வித்தியாசம் 16 வாட். தினம் நாலு மணி நேரம் ஆடினால் வருடத்துக்கு 23 யூனிட் சொச்சம். யூனிட் 30 காசு என்று வைத்தால் ஏழு வெள்ளி. வருடம் முழுவதற்கும் ஏழு வெள்ளி. இதற்குத்தான் நேற்றிலிருந்து சண்டை.

தம்பிக்கு: ஒரே குச்சி வேண்டாம். ஒற்றைக் குச்சியில் ராமுக்கும் பிராசசருக்கும் நடுவே பாதை பாதியாகிவிடும், ரைசனில் அது கேமில் நன்றாகவே தெரியும். இரண்டு 8 ஜிபியாக, பழைய டிடிஆர்4 ராம் கிடைத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய பென்டியம் · வியாழன், இரவு 11:31

மின்வழங்கி! ரோச்சோர் ஸ்டேஷனில் இறங்கி எந்தக் கடையிலாவது "அண்ணே, ஒரு மின்வழங்கி கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். மின்விசிறி காட்டுவார்கள்.

நிறைமதி · வியாழன், இரவு 11:36

லிஃப்டை மின்தூக்கி என்று தினம் செய்தியில் கேட்கிறோமே, யாரும் சிரிக்கவில்லையே. கணக்கில் தவறு இருந்தால் சொல்லுங்கள். சொல்லில் தவறு தேடாதீர்கள்.

பழைய பென்டியம் · வியாழன், இரவு 11:38

மின்தூக்கி வேறு, மின்வழங்கி வேறு. வழங்குவதற்கு அது என்ன கோயில் பிரசாதமா?

கோப்பி ஓ · வியாழன், இரவு 11:45

கணக்கிலும் ஒரு ஓட்டை. அந்த 85, 90 எல்லாம் 115 வோல்ட்டில் சோதித்த எண். நம் சுவரில் வருவது 230. இங்கே இரண்டுமே கொஞ்சம் கூடக் கிடைக்கும்.

நிறைமதி · வியாழன், இரவு 11:52

இரண்டுமே கூடினால் வித்தியாசம் கிட்டத்தட்ட அதேதான். ஏழு வெள்ளி ஆறே முக்கால் ஆகலாம். வாழ்த்துகள்.

வாட்டர்கூலர் · வெள்ளி, காலை 7:50

காசு பிரச்சினை என்றால் எல்லை தாண்டி ஜொகூர் போய் வாங்க வேண்டியதுதானே? ஒரு மணி நேரப் பயணம். 850 வாட்டே சல்லிசாகக் கிடைக்கும்.

ஈசூன்வாசி · வெள்ளி, காலை 8:05

சனிக்கிழமை கடற்பாலத்தில் ஒரு மணி நேரமா? கனவு காணுங்கள். 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் 100 வெள்ளிக்கு மேல் போகிற பொருளுக்கு 9 விழுக்காடு ஜிஎஸ்டி கட்ட வேண்டும். கெட்டுப்போனால் உத்தரவாதத்துக்கு மறுபடி அதே பாலம்.

இதையெல்லாம் விடுங்கள். 4060க்கு 550 என்று என்விடியா சொல்கிறதா இல்லையா? ஆம் அல்லது இல்லை. பழைய பென்டியம் இதற்கு மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை.

பழைய பென்டியம் · வெள்ளி, காலை 8:40

என்விடியா சொல்கிறதாம். 4090 கார்டு வந்த 2022இல் புது 16 பின் கேபிள் பத்திரமானது என்றும் அவர்கள்தான் சொன்னார்கள். அக்டோபரிலேயே உருகின படம் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது.

இன்னொன்று. கார்டு 115 என்றால் எப்போதும் 115லேயே நிற்காது. கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாக ஏறி இறங்கும். 3080 கார்டு வந்தபோது நல்ல கம்பெனிப் பெட்டிகளே கேம் நடுவில் அணைந்துபோனது மறந்துவிட்டதா? அந்த உச்சம் உங்கள் கூட்டல் கணக்கில் வராது. அதற்குத்தான் 850.

ஈசூன்வாசி · வெள்ளி, காலை 9:02

3080 என்பது 320 வாட். 4060 என்பது 115. யானைக்கு வந்த வியாதிக்குப் பூனைக்கு மருந்து கொடுக்கிறீர்கள். அந்தச் சிக்கலுக்காகவே 2022இல் ஏடிஎக்ஸ் 3.0 என்ற பவர் சப்ளை விதிமுறை வந்தது. அந்தப் புது 16 பின் கேபிளோடு வரும் பெட்டி, எழுதியிருக்கும் வாட்டைப்போல் இரண்டு மடங்கு உச்சத்தையும் நொடியில் மிகச் சின்னப் பங்குக்குத் தாங்க வேண்டும் என்பது விதி. அப்படிப் பார்த்தால் அந்தக் கேபிளோடு வரும் 550 அந்தக் கணத்தில் 1100.

பழைய பென்டியம் · வெள்ளி, காலை 9:10

விதி! 600 என்று எழுதிய பெட்டியும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஸ்டிக்கர் ஒட்ட எவ்வளவு நேரமாகும்?

தெம்பனீஸ் தம்பி · வெள்ளி, மதியம் 12:25

நிறைமதி அக்கா, ராமுக்கு நன்றி. இன்னொரு சந்தேகம். தெரிந்தவர் பழைய பி450 போர்டு தருகிறேன் என்கிறார். 5600 அதில் ஓடுமா?

நிறைமதி · வெள்ளி, மதியம் 12:50

ஓடும், போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்திருக்க வேண்டும். வாங்கும் முன் அவரிடமே செய்து தரச் சொல்லுங்கள், உங்களிடம் பழைய பிராசசர் இல்லையென்றால் திண்டாடுவீர்கள். இன்னொன்று: 4060 எட்டு லேன் (தரவுப் பாதை) மட்டும் எடுக்கும் கார்டு, பி450இல் கார்டு செருகும் இடம் பழைய பிசிஐஇ 3.0. சில கேமில் கொஞ்சம் வேகம் குறையலாம். இலவசம் என்றால் சரி, காசு கேட்டால் பி550 போர்டு பாருங்கள்.

பழைய பென்டியம் · வெள்ளி, மதியம் 1:15

பழைய போர்டு, பழைய ராம், அதற்கு மேல் 550. தம்பி, இவர்கள் பேச்சைக் கேட்டால் உங்கள் வீட்டிலும் இறால் போகும். கையில் இரண்டாயிரம் சேரும்வரை பொறுங்கள். ரைசன் 5 7600 பிராசசர், ஏஎம்5 போர்டு. 2027 தாண்டியும் அந்த சாக்கெட்டுக்கு, அதாவது பிராசசர் உட்காரும் இடத்துக்கு, பிராசசர் வரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. 850 போட்டு நிம்மதியாக இருங்கள்.

கோப்பி ஓ · வெள்ளி, மதியம் 1:22

என்விடியா சொன்னால் பொய், ஏஎம்டி சொன்னால் வேதவாக்கா?

பொறுமை பற்றி நீங்கள் பேசுவதுதான் வேடிக்கை. 2021இல் கார்டு கிடைக்காமல் ஊரே அலைந்தபோது "பொறுக்காதே, இப்போதே எடுத்துக்கொள்" என்று உங்கள் 1660 சூப்பர் கார்டை என்னிடம் 480 வெள்ளிக்கு விற்றீர்கள். இரண்டு வாரத்தில் காற்றாடி கடகடவென்று அடிக்க ஆரம்பித்தது. ஞாபகம் இருக்கிறதா?

பழைய பென்டியம் · வெள்ளி, மதியம் 1:30

அது தூசி. உங்கள் வீட்டுச் சாமி மேடைக்குக் கீழே கணினியை வைத்துக்கொண்டு ஊதுபத்தி கொளுத்தினால் எந்தக் காற்றாடிதான் தாங்கும்? நேரில் வந்து நானே பார்த்தேன். அன்றைய சந்தையில் 480 நியாயமான விலை.

கோப்பி ஓ · வெள்ளி, மதியம் 1:34

ஊதுபத்தியா? அந்தக் கார்டை நீங்கள் எட்டு மாதம் இரவு பகலாகக் கிரிப்டோ மைனிங்கில் ஓட்டியதை ஏன் சொல்லவில்லை லா?

பழைய பென்டியம் · வெள்ளி, மதியம் 1:35

ஆறு மாதம்.

வாட்டர்கூலர் · வெள்ளி, மதியம் 2:10

மைனிங் கார்டில் தெர்மல் பேஸ்ட் மாற்றினால் போதும். என்னுடையதில் திரவ உலோகம் போட்டிருக்கிறேன், யாருக்காவது படம் வேண்டுமா?

நிறைமதி · வெள்ளி, இரவு 8:48

பேசிப் பயனில்லை என்று அளந்தே பார்த்துவிட்டேன். தங்கையின் கணினி: 5600, 4060, 550 வாட் பிரான்ஸ். 13 ஆம்பியர் பிளக்குக்கும் சுவருக்கும் நடுவில் மீட்டர். கேம் முக்கால் மணி நேரம், ஏர்கான் இல்லாமல். மீட்டரில் நான் கண்ட அதிகபட்சம் 231 வாட். பெரும்பாலும் 205, 210. காற்றாடிச் சத்தம் மேசைக்கு அடியிலிருந்து கேட்கவே இல்லை.

ஈசூன்வாசி · வெள்ளி, இரவு 8:55

231. சுவரில் 231. மறுபடி சொல்கிறேன், 231.

பழைய பென்டியம் · வெள்ளி, இரவு 9:20

அந்த மீட்டர் என்ன விலை? பத்து வெள்ளி மீட்டர் நொடிக்கு ஒருமுறை எண் மாற்றும். நான் சொல்லும் உச்சம் அதற்குள் நூறு தடவை வந்து போயிருக்கும். நொடிக்குள் வரும் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் ஆஸிலாஸ்கோப் வைத்து அளந்திருந்தால் பேசலாம். என் நண்பர் பாலிடெக்னிக்கில் ஆய்வுக்கூடம் பார்க்கிறார், அடுத்த வாரம் அளந்து படம் போடுகிறேன், அதுவரை யாரும் தம்பியைக் குழப்ப வேண்டாம்.

கோப்பி ஓ, சனிக்கிழமை தேக்கா பக்கம் வருகிறேன். அந்த 1660 சூப்பரைக் கொண்டுவாருங்கள், தூசியா மைனிங்கா என்று கழற்றிப் பார்த்துவிடலாம்.

கோப்பி ஓ · வெள்ளி, இரவு 9:26

கொண்டுவருகிறேன். 480 வெள்ளியோடு வாருங்கள்.

பழைய பென்டியம் · வெள்ளி, இரவு 9:31

ஸ்க்ரூ டிரைவரோடு வருகிறேன்.