புதுப்பிப்பு: ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு கைமாறிவிட்டது (தருமபுரி)

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. கிராமப் பள்ளிகளில் அறிவியல், கணிதச் செய்முறைப் பயிற்சி நடத்தும் எங்கள் வலையமைப்பைத் தொடக்கம் முதல் நடத்திய ஐயா விலகுகிறார், பொறுப்பை எப்படி மாற்றுவது என்று கேட்டிருந்தேன்.

கைகொடுத்தது சேலத்து அண்ணன் சொன்னதுதான்: "பேங்குக்கு அப்புறம் போங்க, முதல்ல படிவம் 7." எங்களுடையது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி பதிவான சங்கம். பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு, நிர்வாகிகள் மாற்றத்தைப் படிவம் 7-இல் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்தோம். அதன் நகலும் தீர்மானமும் கையில் இருந்ததால் வங்கியில் கையெழுத்து மாற்றம் ஒரே நடையில் முடிந்தது.

எதிர்பாராத சிக்கல் கூகுள் டிரைவ். பயிற்சிக் குறிப்புகள் எல்லாம் ஐயாவின் சொந்தக் கணக்கில் இருந்தன. அவர் உரிமையை மாற்றிவிட்டால் மட்டும் போதாது, பெறுபவரும் ஏற்க வேண்டும். இது தெரியாமல் ஒரு வாரம் போய்விட்டது. விலகுபவரின் கைப்பேசி பக்கத்தில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

"மூணு மாசம் ரெண்டு பேரும் சேர்ந்தே பள்ளிக்குப் போங்க" என்று ஓசூர் அக்கா சொன்னதையும் செய்தோம். பென்னாகரம் பக்கத்துப் பள்ளியில் புது ஒருங்கிணைப்பாளர் குவிலென்ஸைப் பிடிக்க, ஜன்னலுக்கு வெளியே நின்ற புளியமரம் எதிர்ச்சுவரில் தலைகீழாக விழுந்தது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். கடைசி பெஞ்சில் இருந்த ஐயா எழவே இல்லை. வெளியே வந்ததும் தொலைநோக்கிப் பெட்டியின் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டார்.