தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தபோது: எங்கள் குடியிருப்பில் நடந்தது, உங்கள் குடியிருப்பில்?

ஃப்ரிஸ்கோ, டெக்சஸ்

2024-இல் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை வந்தது. அன்று மாலையே ஹாலோவீன், பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் அமெரிக்கப் பண்டிகை. விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள், சாயங்காலம் வாளியைத் தூக்கிக்கொண்டு மிட்டாய் வாங்கக் கிளம்பினார்கள். என் மகள் பட்டுப்பாவாடையை மாற்றவே மாட்டேன் என்று சொல்லி, அதோடேயே தலையில் சூனியக்காரித் தொப்பியை வைத்துக்கொண்டாள்.

எங்கள் எச்.ஓ.ஏ.வின் (குடியிருப்பு வீட்டுக்காரர்கள் சங்கம்) சோஷியல் கமிட்டியில் அந்த வருடம்தான் சேர்ந்திருந்தேன். சுமார் 300 வீடுகள், மூன்றில் ஒரு பங்கு இந்தியக் குடும்பங்கள். ஏற்பாடு நடந்த இரண்டு மாதங்களில் சந்தித்த மூன்று பேரைப் பற்றி எழுதுகிறேன். உங்கள் அனுபவத்தையும் சொன்னால் இந்த வருடத்துக்கு உதவும்.

முதல் கூட்டத்துக்கு ஒரு பட்டியலோடு போனேன். பூசணிக்காய் செதுக்கும் போட்டி, உடைப் போட்டி, பவுன்ஸ் ஹவுஸ் (பிள்ளைகள் குதித்து விளையாடும் காற்றடைத்த வீடு). எல்லோரும் சரி என்றார்கள். கூட்டம் முடியும் நேரத்தில் பின்னால் இருந்த ஒரு அம்மா எழுந்தார். அவருடைய மகன் சக்கர நாற்காலியில் இருப்பவன். "ஆறு வருடமாக எங்கள் வீட்டில் மிட்டாய் கொடுக்கிறோம். என் மகன் இதுவரை ஒரு வீட்டுக் கதவைக்கூடத் தட்டியதில்லை. அவன் நடைபாதையில் நிற்பான், தங்கை போய் இரண்டு பேருக்கும் வாங்கி வருவாள்" என்றார்.

அன்றிரவே எங்கள் தெருவில் நடந்து பார்த்தேன். 22 வீடுகளில் 19 வீடுகளுக்கு வாசலில் படி இருந்தது. ஒரு படி, இரண்டு படி, அவ்வளவுதான். அத்தனை வருடம் அந்தப் படிகளில் ஏறி இறங்கியும் அவற்றை நான் பார்த்ததே இல்லை.

வழி எங்களிடமே இருந்தது. 2020-இல் கொரோனா சமயத்தில் பலரும் டிரைவ்வேயின் (வீட்டு முன் கார் பாதை) முனையில் மேசை போட்டு மிட்டாய் வைத்தோமே, அதையே மறுபடி செய்யக் கேட்டோம். மடக்கு மேசை இல்லாதவர்களுக்கு கிளப்ஹவுஸிலிருந்து கொடுத்தோம். எங்கள் தெருவில் 14 வீடுகள் ஒப்புக்கொண்டன. பவுன்ஸ் ஹவுஸைக் கைவிட்டோம். அதற்குத் தனிக் காப்பீட்டுச் சான்று வேண்டியிருந்தது, அந்தப் பணம் கைவிளக்குகளுக்கும் ஒளிரும் நாடாக்களுக்கும் போனது.

இரண்டாவது சந்திப்பைப் பற்றி எழுதக் கொஞ்சம் யோசித்தேன். முக்கு வீட்டுக்காரர் ஒருவர் மரக்கிளையில் கயிறு கட்டி, அதில் ஒரு மனித பொம்மையைத் தொங்கவிட்டிருந்தார். எனக்கு அது மற்ற எலும்புக்கூடுகளைப் போலத்தான் தெரிந்தது. இரண்டு நாள் கழித்து ஒரு கறுப்பினத் தோழி போன் செய்தார். "அந்த வழியாக என் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப்போக முடியவில்லை" என்றார். இந்த நாட்டில், அதிலும் தென் மாநிலங்களில், கறுப்பின மக்களைக் கும்பலாகச் சேர்ந்து மரத்தில் தூக்கிலிட்ட வரலாறு நாம் படித்ததுதான். ஆனால் படித்தது வேறு, தன் குடும்பத்தில் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவருக்கு அந்தக் கயிறு கண்ணில் படுவது வேறு. எங்கள் விதிப்புத்தகத்தில் அலங்காரத்தை எத்தனை நாள் வைக்கலாம் என்று இருந்ததே தவிர, வேறொன்றும் இல்லை. கடிதம் அனுப்ப வேண்டாம் என்று முடிவு செய்து நானே நேரில் போனேன். அவர் அதை நினைத்துக்கூடப் பார்த்திருக்கவில்லை. முகம் வெளுத்துப்போய், நான் அங்கே நிற்கும்போதே ஏணியை எடுத்து வந்து இறக்கிவிட்டார். இப்போது எங்கள் அறிவிப்பிலேயே ஒரு வரி இருக்கிறது: தூக்குக்கயிறு, தொங்கும் உடல் வேண்டாம்.

மூன்றாவது, நம் ஊர்க் குடும்பம். தீபாவளிக்கு வாசலில் சீரியல் விளக்குப் போட்டிருந்தார்கள். பண்டிகை விளக்குகள் நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங்குக்குப் பிறகுதான் என்பது எங்கள் விதி. அதைக் காட்டி, கழற்றச் சொல்லி அவர்களுக்குக் கடிதம் போய்விட்டது. எதிர்வீட்டில் பன்னிரண்டு அடி எலும்புக்கூடு நின்றுகொண்டிருந்தது, அதற்குக் கடிதம் இல்லை. அந்த வீட்டு மாமா கடிதத்தை மடித்து என்னிடம் நீட்டியபோது எனக்குப் பேச்சு வரவில்லை. மத நம்பிக்கையால் வீட்டில் வைக்கும் பொருளை எச்.ஓ.ஏ. பொதுவாகத் தடுக்க முடியாது என்று டெக்சஸில் சட்டமே இருக்கிறது, 2021-இல் அதை இன்னும் விரிவாக்கினார்கள். போர்டில் அதை எடுத்துச் சொன்னேன். கடிதம் வாபஸ் ஆனது. விதியில் தீபாவளியும் சேர்ந்தது.

அகல் விளக்கு விஷயத்தில் மட்டும் நானே வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டேன். அங்கி, இறக்கை, நீண்ட பாவாடை என்று பிள்ளைகள் ஓடும் நடைபாதையில் எரியும் விளக்கு ஆபத்து. நிலைப்படிக்கு உள்ளே எண்ணெய் விளக்கு, வெளியே பாட்டரி விளக்கு. ஒரு வீடுகூட மறுக்கவில்லை.

எடிசன், நியூ ஜெர்சி

அக்கா, அந்தப் படிகளைப் படித்ததும் என் மகன் ஞாபகம்தான் வந்தது. அவனுக்கு வேர்க்கடலையும் முந்திரியும் ஆகாது. எபிபென் (ஒவ்வாமைக்கான அவசர ஊசி) இல்லாமல் நாங்கள் வெளியே போவதில்லை. ஹாலோவீன் சாக்லேட்டில் பெரிய சிக்கல் அந்தக் குட்டி அளவுதான். தனித்தனிக் காகிதத்தில் பல நேரம் சேர்மானம் அச்சிட்டிருக்காது. பெரிய பட்டையில் இல்லாத கடலை குட்டிப் பட்டையில் இருப்பதும் உண்டு. அதனால் வீட்டுக்கு வந்ததும் வாளியில் பாதியைப் பிடுங்கிக்கொள்வோம். ஆறு வயதில் அது எவ்வளவு பெரிய ஏமாற்றம்!

மயில்நீலப் பூசணிக்காய் பற்றிப் பலருக்குத் தெரிந்திருக்கும். 2012-இல் டென்னஸியில் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் குடும்பங்கள் தொடங்கியது, 2014-இல் நாடு முழுக்கப் பரவியது. வாசலில் அந்த நிறத்தில் பூசணிக்காய் இருந்தால் அங்கே தின்பண்டம் அல்லாத பொருளும் கிடைக்கும் என்று அர்த்தம். எங்கள் குடியிருப்பில் முதல் வருடம் ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தது. தனியாக வசிக்கும் ஒரு தாத்தா. ஸ்டிக்கர், பென்சில், சோப்புக் குமிழி என்று தனிக் கிண்ணம் வைத்திருந்தார். என் மகன் அந்தத் தெருவை மூன்று தடவை சுற்றி, மூன்று தடவையும் அவரிடமே போனான். மறுநாள் நான் நன்றி சொல்லப் போனபோது, தன் பேத்திக்கும் இதே ஒவ்வாமைதான் என்றார்.

இரண்டு கிண்ணத்தையும் தள்ளித் தள்ளி வையுங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக வேண்டாம். அப்புறம், சைவக் குடும்பங்களும் முஸ்லிம் நண்பர்களும் இருக்கும் இடத்தில் ஜெலட்டினையும் கவனியுங்கள், அது விலங்கிலிருந்து எடுப்பது. ஸ்டார்பர்ஸ்ட், கேண்டி கார்ன் போன்றவற்றில் இருக்கிறது. என் மாமியார் கேட்கும்வரை எனக்கே தோன்றியதில்லை.

கேரி, வட கரோலினா

என் மகனுக்கு ஆட்டிசம். ஒன்பது வயது, பேச மாட்டான். மூன்று வருடம் முன்பு ஒரு வீட்டில், "ட்ரிக் ஆர் ட்ரீட் சொன்னால்தான் தருவேன்" (மிட்டாய் கேட்கும்போது பிள்ளைகள் சொல்லும் வாசகம்) என்று ஒருவர் கிண்ணத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். விளையாட்டாகத்தான் செய்தார். என் மகன் கையை நீட்டியபடியே நின்றான். வரிசையில் பின்னால் பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். நான் அவனைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

ஆட்டிசத்துக்கு அடையாளமாக நீல வாளி கொடுத்து அனுப்புங்கள், எல்லோரும் புரிந்துகொள்வார்கள் என்று பலர் சொன்னார்கள். அப்படிச் செய்யும் பெற்றோரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் என் பிள்ளையின் நிலையை ஊருக்கெல்லாம் அவன் கையிலேயே தூக்கிக் காட்ட எனக்கு மனமில்லை. அதனால் எங்கள் எச்.ஓ.ஏ.விடம் இரண்டு விஷயம் கேட்டேன். ஒன்று, அறிவிப்பில் "பேசாத பிள்ளைக்கும், உடை போடாத பிள்ளைக்கும், உயரமாக இருக்கும் பிள்ளைக்கும் கேள்வி கேட்காமல் கொடுங்கள்" என்று ஒரு வரி. இன்னொன்று, மாலை 4:30 முதல் 5:30 வரை அமைதி நேரம். புகை இயந்திரம், அலறல் சத்தம், வெட்டி வெட்டி மின்னும் விளக்கு எதுவும் கிடையாது. அந்த மின்னல் விளக்கு வலிப்பு உள்ள சிலருக்கும் ஆபத்து.

அந்த ஒரு மணி நேரத்துக்கு எங்களைப் போன்றவர்கள் மட்டும்தான் வருவார்கள் என்று நினைத்தேன். கைக்குழந்தையோடு வந்தவர்கள்தான் அதிகம். ஊரிலிருந்து வந்திருந்த இரண்டு பாட்டிகளும் நடந்து வந்தார்கள்.

ஹியூஸ்டன்

எங்கள் கூட்டத்தில் பாதி நேரம், யாராவது மிட்டாயில் விஷம் கலந்து, பிளேடு வைத்துக் கொடுத்துவிடுவார்களோ என்ற பேச்சிலேயே போகும். இதே ஊர்ப் பக்கம், பாசடீனாவில், 1974-இல் ஒரு சிறுவன் சயனைடு கலந்த மிட்டாயால் இறந்தது உண்மை. ஆனால் கொடுத்தது அவனுடைய சொந்தத் தகப்பன், காப்பீட்டுப் பணத்துக்காக. அந்தக் கதைதான் ஐம்பது வருடமாகப் பெற்றோரைப் பயமுறுத்துகிறது.

கார்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 1975 முதல் 2016 வரையிலான விபத்துகளை வைத்து வந்த ஓர் ஆய்வில், ஹாலோவீன் மாலையில் பாதசாரிகள் இறக்கும் அபாயம் அதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் உள்ள மாலைகளைவிட 43 சதவீதம் அதிகம். நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பத்து மடங்கு. ஆறு மணி வாக்கில்தான் மோசம். எங்கள் தெருவிலேயே, நிறுத்தியிருந்த இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து பாய்ந்த ஒரு குட்டி டைனோசரை என் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். டெலிவரி வண்டி ஒரு கை தூரத்தில் நின்றது. இன்னும் எனக்கு அந்தப் பிரேக் சத்தம் கேட்கிறது.

ஃப்ரிஸ்கோ, டெக்சஸ்

அண்ணா, இதைப் படித்ததும் உடம்பு ஒரு நிமிடம் நடுங்கியது. எங்கள் தெருக்கள் நகரத்துக்குச் சொந்தம், எச்.ஓ.ஏ. தன் இஷ்டத்துக்கு அடைக்க முடியாது. அனுமதிக்கு இந்த வருடம் முன்கூட்டியே விண்ணப்பிக்கிறோம். கிடைக்காவிட்டாலும், மாலை ஐந்து முதல் எட்டரை வரை எல்லாக் கார்களும் கராஜுக்குள், தெருவோரம் ஒன்றும் நிற்கக்கூடாது என்று கேட்கப்போகிறேன். இங்கே அன்று சூரியன் மறைய 6:40 ஆகும். இருட்டுவதற்கு முன்பே தொண்டர்கள் முக்குகளில் நின்றாக வேண்டும். அமைதி நேரத்தையும், கேரி நண்பரின் அந்த வரியையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். கொண்டாடாத வீடுகளுக்கு வாசல் விளக்கை அணைத்தாலே போதும் என்று இருக்கிறது, ஆனாலும் பிள்ளைகள் மணி அடிக்கிறார்கள். கதவில் மாட்ட ஒரு சின்ன அட்டை அடித்துக் கொடுப்போம்.

அந்தச் சக்கர நாற்காலிப் பையனைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். அன்று எங்கள் மேசைக்கு அவன் தங்கைக்கு முன்னால் வந்தான். நாற்காலியை விண்வெளிக் கப்பலாக மாற்றியிருந்தார்கள். சாக்லேட்டை எடுத்துக்கொண்டு, பக்கத்துத் தட்டில் இருந்த ரவா லட்டைக் காட்டி அது என்ன என்று கேட்டான். அதில் நெய்யும் முந்திரியும் இருக்கிறது என்று சொல்லி, அவன் அம்மாவிடம் கேட்டுவிட்டுக் கொடுத்தேன். அடுத்த தெருவிலிருந்து திரும்பி வந்து இன்னொன்று வாங்கிக்கொண்டு போனான்.