புதுப்பிப்பு: ஆளுக்கொரு டிராயிங்கில் இம்பெல்லர் (பம்பில் சுழலும் இறக்கைச் சக்கரம்) வேலை – தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. கேட்டது இதுதான்: கோவையில் பேட்டர்ன் கடை (வார்ப்புக்கான மாதிரி உரு செய்யும் இடம்), ஃபவுண்டரி (உலோகத்தை உருக்கி வார்க்கும் இடம்), லேத் பட்டறை மூன்றும் வாட்ஸ்அப்பில் வந்த வெவ்வேறு திருத்தப் பிரதிகளை வைத்து வேலை செய்தால் என்ன வழி?

கைகொடுத்தது ‘ஒரே லிங்க்’ யோசனை. கூகுள் டிரைவில் புது ஃபைலாகப் போடாமல், பழைய பிடிஎஃப்பிலேயே ‘மேனேஜ் வெர்ஷன்ஸ்’ வழியாக ஏற்றினால் லிங்க் மாறாது. அதன் க்யூஆரை லேத் பக்கத்தில் ஒட்டியாயிற்று. பழைய பிரதி 30 நாளில் அழிந்துவிடலாம். ‘கீப் ஃபாரெவர்’ போட்டுவிடுங்கள்.

எதிர்பாராதது ஒன்று. வார்ப்பிரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால், அதை ஈடுகட்டக் கணினி மாடலிலேயே ‘சுருக்கம்’ என்று 1% கூடுதல் அளவு சேர்த்திருந்தோம். பேட்டர்ன்காரர் வழக்கப்படி தன் சுருக்க ஸ்கேலில் (அந்தக் கூடுதலைச் சேர்த்தே கோடு போட்ட அளவுகோல்) இன்னொரு 1% வைத்துவிட்டார். 200 மி.மீ. வார்ப்பு 202 ஆக வந்தது. இப்போது மாடலில் அதைச் சேர்க்காமல், டிராயிங்கின் டைட்டில் பிளாக்கிலேயே (விவரக் கட்டம்) “சுருக்கம் சேர்க்கவில்லை” என்று தமிழில் போடுகிறோம்.